பதினோராவது ஆள்

பாபடோயிட்டோய், ஓக்லாந்து
27 ஏப்பிரல் 2025

அன்புள்ள தங்கச்சி மலருக்கு,

உன் மகள் கம்சாயினி பல்கலைக்கழக விவாத அணியின் மூன்றாவது பேச்சாளராகத் தெரிவாகியிருக்கிறாள். வியாழக்கிழமை ஒட்டப்பட்ட பட்டியலை அவள் போனில் படம் பிடித்து வந்தாள். பெயரை நானே வாசித்தேன். எழுத்துப்பிழை இல்லை.

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. சோபனாவுக்கு முழங்கால் நோ தணிந்துவிட்டது. பழையபடி ரெயினில் எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போகிறாள். நான் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் பகுதியில்தான் இருக்கிறேன். உன் காது எப்படி? போனில் உன்னோடு கதைத்தால் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை என்று சோபனா சொல்கிறாள். ஆகவே கடிதம். தபாற்கந்தோரில் இருபத்தாறு வருடம் வேலை செய்கிறவளுக்குக் கடிதம் வராவிட்டால் அதுவும் வெட்கம்.

போன சனிக்கிழமை விவாதக் கழகத்தில் ஒரு அமெரிக்கப் படம் போட்டார்கள். வீட்டாரும் வரலாம் என்றபடியால் போனேன். கறுப்பின மாணவர்கள் படிக்கும் சிறிய கல்லூரி ஒன்று, வெள்ளையரின் பெரிய கல்லூரிகளை விவாதத்தில் வெல்கிற கதை. போகிற வழியில் ஒரு கடையும் அவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதில்லை. காருக்குள் இருந்து பாண் சாப்பிடுகிறார்கள். மண்டபத்துக்குள் பின்வாசலால் போய், வென்று, பின்வாசலாலேயே வெளியே வருகிறார்கள்.

"மாமா, படத்தில அவையளுக்கு எப்பவும் தாங்கள் நம்புற பக்கம்தான் கிடைக்குது. எங்களுக்குச் சீட்டுக் குலுக்கி எல்லோ தருகினம்" என்றாள் கம்சாயினி. சரியான குறை.

ஒரு காட்சியில் முன்வரிசையில் ஒரு நிருபர் இருந்து எல்லாவற்றையும் எழுதுகிறார். மறுநாள் பத்திரிகையில் ஒரே ஒரு வரி: விவாதம் நடைபெற்றது. வீடு திரும்பும்போது, "அந்த ஆள் அவ்வளவும் எழுதினவர், பிறகு ஏன் போடேல்லை?" என்று கேட்டாள். ஆசிரியர் வெட்டியிருப்பார் என்றேன்.

கௌரி கிண்ணப் போட்டியின் அரையிறுதி மே 31 இல். மற்றவை பிறகு.

அண்ணா
செல்வரத்தினம்

*

கொக்குவில்
16 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் பதினாறு நாளில் வந்தது. நல்ல வேகம். இவருக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. எனக்கு இடது காது பரவாயில்லை. வலது காதை விட்டுவிடுங்கள். அண்ணியின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பவா?

பிள்ளை வாட்ஸ்அப்பில் இரண்டு சொல்தான் எழுதுகிறாள். சுகம், சாப்பிட்டன். அணியில் சேர்ந்ததை நீங்கள் எழுதித்தான் தெரியும். கந்தோரில் எல்லோருக்கும் சொன்னேன். கௌரி என்றது ஆரென்று கேட்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது, நினைவுக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள்?

ஒன்று மட்டும். பிள்ளை மாணவர் விசாவில் இருக்கிறாள். மேடையில் சத்தமாகக் கதைக்கட்டும், இறங்கின பிறகு ஒருவரோடும் கொளுவவேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களை நம்பித்தான் அனுப்பினேன்.

தங்கச்சி
இராசமலர்

*

பாபடோயிட்டோய்
2 யூன் 2025

அன்புள்ள மலருக்கு,

கம்சாயினியின் அணி அரையிறுதியில் ஒரு புள்ளியால் தோற்றது. இது நேரில் பார்த்தது. புள்ளித்தாளின் பிரதியும் வீட்டில் இருக்கிறது. அவள் சுகம். எங்களுக்கும் ஒன்றுமில்லை, குளிர் தொடங்கியிருக்கிறது. உன் வீட்டுக்காரர் மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா?

போட்டி பிற்பகல் மூன்று மணிக்கு. பார்வையாளர் பத்துப் பேர். தலைப்பு: குடியுரிமை இல்லாதவர்களுக்கும் வாக்குரிமை வேண்டும். சீட்டில் எங்களுக்குத் தலைப்பை எதிர்த்துப் பேசும் பக்கம் விழுந்தது. அதாவது, வாக்குக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று உன் மகள் வாதாடவேண்டியிருந்தது. ஏழு நிமிடம் பேசினாள். தாளைப் பார்க்கவில்லை. அவளுடைய அணியில் இருக்கிற சமோவாப் பையன் சியோனே மேசையில் தட்டினான். அதுதான் இங்கே கைதட்டு.

தலைமை நடுவர் முடிவைச் சொல்ல நாலேகால் தாண்டிவிட்டது. பேச்சுத் தெளிவுக்காக அவளுக்கு இரண்டு புள்ளி குறைத்திருந்தார்கள்.

கௌரி ஒரு பெண்ணல்ல. இங்கே காட்டில் நிற்கிற பெரிய மரம்.

அண்ணா

*

கொக்குவில்
11 யூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சரியான வெய்யில். இவர் சுகம், நானும் சுகம். நீங்கள் மூவரும் குளிருக்கு மொத்தமாக உடுக்கிறீர்களா?

கடிதத்தின் தலைப்பில் யூன் 2 என்று இருக்கிறது. உறையில் குத்திய முத்திரையில் யூன் 19 என்று இருக்கிறது. பதினேழு நாள் கையில் வைத்திருந்திருக்கிறீர்கள். நான் பார்க்கிற வேலை அண்ணா, இது கண்ணில் படாமல் போகாது. எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருக்க அதில் என்ன இருக்கிறது? தோற்ற செய்தி. பிள்ளைகள் தோற்கிறதுதானே.

பிள்ளை சத்தமாகக் கதைத்தால் எழுத்துக்கு எழுத்து விளங்கும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினது பேச்சுத் தெளிவுக்குத்தான். அதற்குப் போய் இரண்டு புள்ளி குறைத்தார்களா? நடுவர் முடிவைச் சொன்னபோது என்ன சொன்னார்? நீங்கள் அதை எழுதவில்லை.

தங்கச்சி

*

பாபடோயிட்டோய்
28 யூலை 2025

அன்புள்ள மலருக்கு,

எல்லோரும் சுகம். சோபனாவுக்குத் தடிமன், இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அரையிறுதி தொடர்பாக முறைப்பாடு ஒன்று கொடுக்கப்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது. கம்சாயினியும் சியோனேயும் கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லப்படுகிறது. முடிவைச் சொல்லும்போது நடுவர் பேசிய வார்த்தைகள் பற்றியது. அவர் அப்படிப் பேசவில்லை என்கிறார். புள்ளித்தாளில் "பேச்சுத் தெளிவு" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. எதிரணிப் பிள்ளைகள் நினைவில்லை என்கிறார்கள்.

முறைப்பாட்டுக் குழு விசாரிக்கும். நிறுவப்பட்டால் இரண்டு புள்ளியும் திரும்பக் கிடைக்கும், அணி இறுதிக்குப் போகும். இட்டுக்கட்டியது என்று முடிவானால் இருவருக்கும் ஒரு வருடம் பேசத் தடை. பல்கலைக்கழகப் பதிவிலும் குறிக்கப்படும். இரண்டு அணியிலும் சேராத ஒருவர் சாட்சி சொல்லவேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது. இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.

அவள் படிப்பைக் குறைக்கவில்லை. சாப்பிடுகிறாள்.

அண்ணா

*

பாபடோயிட்டோய்
14 ஓகஸ்ட் 2025

அன்புள்ள மலருக்கு,

உன் பதில் வரமுதல் இதை எழுதுகிறேன். எல்லோரும் சுகம். பத்து நாளாக மழை. பின்வளவில் நட்ட வெங்காயம் அழுகிவிட்டது. விமான நிலையத்தில் புதிய பாரந்தூக்கி வந்திருக்கிறது, நல்ல வேலை செய்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அண்ணா

*

கொக்குவில்
18 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கிறதைக் கடைசியில் செய்கிறேன், குறை நினைக்கவேண்டாம்.

எப்போது தொடக்கம் உங்களுக்கு உங்கள் வீட்டுக்குள் நடக்கிறது "தெரியவருகிறது"? பிள்ளை முன் அறையில் இருக்கிறாள். கதவைத் தட்டிக் கேட்டால் உறுதிப்படுத்தலாம்.

நான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இடது காதில் போனை அமத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கேட்டேன். எல்லாம் சொன்னாள். நடுவர் சொன்னதையும் சொன்னாள். பார்வையாளர் எத்தனை பேர் என்று கேட்டேன். பதினொரு பேர் என்றாள். நீங்கள் பத்து என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குக் கணக்குப் பிழைக்காது அண்ணா. உங்களை நீங்கள் எண்ணவில்லை.

"மாமா பின்வரிசையில இருந்து எழுதினவர் அம்மா. நான் மேடையில நிண்டு கண்டனான்" என்றாள்.

"அப்ப கேளன்."

"கேக்கமாட்டன். அவர் தானாச் சொல்லோணும். நான் கேட்டு அவர் மாட்டன் எண்டால், பிறகு ரெண்டு பேரும் எப்பிடி ஒரு வீட்டில இருக்கிறது?"

கொளுவவேண்டாம் என்று நான்தான் எழுதினேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கிறேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும்.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தி, உங்கள் கூட்டாளி சதாசிவம் அண்ணையைச் சந்தியில் வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன அன்று நீங்கள் வேலி மறைவில் நின்று வாகன இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தீர்கள். இரவோடிரவாக அந்தக் கொப்பியை அடுப்பில் வைத்தது நான். மறுநாள் நீங்கள் அலுமாரி, மெத்தை, அரிசி வாளி எல்லாம் தேடினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எலி கொண்டுபோயிருக்கும் என்று சொன்னேன். எனக்கு ஒரு அண்ணன்தான். அதனால் செய்தேன்.

சதாசிவம் அண்ணையின் மனுசி ஒவ்வொரு வருடமும் என் கந்தோருக்கு வருகிறா. மனுசனைத் தேடித்தரச் சொல்லிக் கொழும்புக்குப் பதிவுத் தபால். "ஒருத்தரும் காணேல்லையாம் மலர், சந்தி நிறையச் சனம் நிண்டதாம், ஒருத்தரும் காணேல்லையாம்" என்று சொல்லுவா. நான் முத்திரை ஒட்டிக்கொண்டிருப்பேன்.

என் பிள்ளையும் அப்படி ஒரு வரிசையில் நிற்கவேண்டாம்.

அண்ணி சுகமா? தடிமன் மாறிவிட்டதா?

மலர்

*

பாபடோயிட்டோய்
8 செப்ரெம்பர் 2025

அன்புள்ள மலருக்கு,

நேற்று முறைப்பாட்டுக் குழுவுக்கு எழுத்துமூல வாக்குமூலம் அனுப்பியிருக்கிறேன். என் முழுப் பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் இருக்கின்றன. கிடைத்தது என்று குழுவின் செயலாளர் இன்று காலை பதில் போட்டிருக்கிறார்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அதன்பின் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

கம்சாயினி குசினியில் பாணுக்குச் சம்பல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அரையிறுதியில் எழுதிய கொப்பியை அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். மே 31, பிற்பகல் 4.25. நடுவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தேன். தமிழில் இவ்வளவுதான்: "மூன்றாம் பேச்சாளரின் வாதம்தான் அறையில் சிறந்தது. ஆனால் யார் வாக்களிக்கலாம் என்பதை அந்தக் குரலில் கேட்டு இந்த நாட்டில் ஒருவரும் ஏற்கப்போவதில்லை. அதற்கு இரண்டு புள்ளி."

அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"மாமா, பேர் போடோணும்."

"தெரியும்."

"கூப்பிட்டுக் கேள்வி கேப்பினம்."

"கேக்கட்டும்."

"மூண்டு மாசம் பொக்கற்றுக்குள்ள வைச்சிருந்தனீங்களோ?"

ஓம் என்றேன். அவள் எழும்பி எனக்கும் ஒரு கோப்பை வைத்துப் பாண் போட்டாள். கோபம் இருந்தது, அது நியாயம்.

வாக்குமூலம் எழுத மூன்று மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் நின்றுவிட்டேன். சோபனா எட்டிப் பார்த்துவிட்டு, "இருவத்திரண்டு வருஷம் ‘எமது நிருபர்’ எண்டு எழுதின மனுசன், சொந்தப் பேருக்கு எழுத்துக்கூட்டுறார்" என்றாள். அவள் சொன்னது பகிடிக்கு. ஆனால் அதுதான் உண்மை. எங்கள் பத்திரிகையில் ஒருவரும் பெயர் போடுவதில்லை. முதலில் அது வழக்கம், பிறகு அது பாதுகாப்பு, அதற்குப் பிறகு அது சுகம். காண்கிறது என் வேலை, கண்டேன் என்று சொல்வது வேறு யாருடையதோ வேலை என்று இருந்துவிட்டேன்.

இனி அடுத்த விடயம். அந்தக் கொப்பியை நீ எரித்தது எனக்குத் தெரியும். மறுநாள் விடிய அடுப்புச் சாம்பலில் சுருள் கம்பி கிடந்தது. அதை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டது நான். பிறகுதான் தேடத் தொடங்கினேன். கொப்பி தொலைந்துவிட்டது என்று ஒருவர் கேட்டால் நீயும் நானும் ஒரே மாதிரிச் சொல்லவேண்டும் என்பதற்காகத் தேடினேன் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சரியல்ல. கம்பியைக் கண்டபோது எனக்கு மூச்சு வந்தது. அதுதான் நடந்தது. நீ எரித்ததை நீ மட்டும் சுமக்கத் தேவையில்லை.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. எண்ணெய் அனுப்பு, சோபனா கேட்கிறாள்.

அண்ணா
செல்வரத்தினம்

*

கொக்குவில்
26 செப்ரெம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைக் கந்தோரில் வைத்துப் பிரித்திருக்கக்கூடாது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு முத்திரை விற்றேன்.

கம்பியை நான் யோசிக்கவே இல்லை. பத்தொன்பது வருடமாகக் கிணற்றுத் தண்ணீர் குடித்திருக்கிறோம்.

இவர் சுகம். எண்ணெய்ப் போத்தலைத் துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன். உங்கள் சுங்கக்காரர் தடுத்தால் முழங்காலைக் காட்டச் சொல்லுங்கள்.

சதாசிவம் அண்ணையின் மனுசி இந்த வருடமும் நவம்பர் முதல் கிழமை வருவா. எப்போதும் அந்தக் கிழமைதான் வருகிறவ. இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வற்புறுத்தவில்லை.

மலர்

*

பாபடோயிட்டோய்
12 ஒக்ரோபர் 2025

அன்புள்ள மலருக்கு,

முறைப்பாட்டுக் குழு ஒக்ரோபர் 4 ஆம் திகதி என்னை நேரில் விசாரித்தது. நாற்பது நிமிடம். இது நானே இருந்து கண்டது. இந்த முறை என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்: அறையில் ஆறு பேர்.

முதலில் சுகம். மூவரும் நலம். எண்ணெய் இன்னும் வரவில்லை. நீங்கள் இருவரும் எப்படி?

குழுவின் தலைவி, மாணவி உங்களுடைய மருமகள்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். கொப்பியின் முன்பக்கத்தில் போட்டியன்று காலை நான் ஏற்றிய பொதிகளின் இலக்கங்கள் இருக்கின்றன, அவை எனக்கு உறவில்லை, விமான நிலையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன். குறித்துக்கொண்டார்கள். ஏன் மூன்று மாதம் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டார். பயம் என்றேன். எதற்குப் பயம் என்றார். அது இந்த நாட்டில் தொடங்கியதல்ல, அதை நடுவரின் கணக்கில் எழுதவேண்டாம் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வெளியே கம்சாயினியும் சியோனேயும் நின்றார்கள். எனக்குப் பிறகு இன்னொரு பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். என் வாக்குமூலத்தின் பிரதி அவர்களுக்கும் போயிருந்தது. அதை வாசித்த பிறகு தனக்கு நினைவு வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். இதைச் சொன்னது சியோனே. குழு இன்னும் உறுதிப்படுத்தவில்லை. போகும்போது அந்தப் பெண் கம்சாயினியைப் பார்த்துத் தலையசைத்தாள். கம்சாயினி உடனே தலையசைக்கவில்லை. பிறகு அசைத்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில், "மாமா, படத்தில வாற அந்த நிருபர் பிறகு என்ன செய்திருப்பார்?" என்று கேட்டாள்.

"தெரியாது. படம் அதோட முடிஞ்சுது" என்றேன்.

"நீங்கள் எண்டால் ஆசிரியர் வெட்டினவர் எண்டுதான் இன்னும் சொல்லுவியள்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இதனுடன் ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். சதாசிவத்தின் மனைவிக்கு. திகதி, நேரம், வேலியில் நான் நின்ற இடம், ஏற்றியவர்கள் எத்தனை பேர், சதாசிவம் போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் எழுதியிருக்கிறேன். வாகன இலக்கத்தில், எழுத்தும் எண்ணுமாக, முதல் நான்கும் எனக்கு நிச்சயம். கடைசி இரண்டும் நிச்சயமில்லை, ஆகவே எழுதவில்லை. கீழே என் பெயர் இருக்கிறது. அவ விரும்பினால் கொழும்புக்கு அனுப்பலாம், விரும்பாவிட்டால் வைத்திருக்கலாம். அது அவவின் முடிவு. உனக்குக் கொடுக்கப் பயமாக இருந்தால் எழுது, நான் நேரே அவவுக்கு அனுப்புகிறேன். ஆனால் அடுப்பில் வைக்காதே. பிரதி என்னிடம் இருக்கிறது.

நிலுவையில் இருப்பவை இரண்டு. குழுவின் முடிவு ஒக்ரோபர் 17 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரும் என்று செயலாளர் எழுதியிருக்கிறார்; இறுதிப் போட்டி 25 ஆம் திகதி. அந்த முடிவைப் பிள்ளை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்; இரண்டு சொல் போதும். மற்றது இந்த உறை. பதினாறு நாள் என்று வைத்தால் மாதக் கடைசியில் உன் கைக்கு வரும், நவம்பர் முதல் கிழமை அவவின் கைக்குப் போகும்.

நாளை 13 ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போடுகிறேன். முத்திரையைப் பார்.

அண்ணா
க. செல்வரத்தினம்